கழலாத மூன்று ஒயர்கள்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அன்சர் பாய்க்குக் கோபம் வந்துவிட்டது என்ற செய்தி கரைப்பேட்டைக் கடைத்தெருவில் பரவியபோது எங்களில் ஒருவரும் அதை நம்பவில்லை. ஒரு வேனின் பிளக் ஒயரைத் தொட்டதால் வந்த கோபம் என்றார்கள், அதை நம்பினோம், அதில் எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை, பாலாற்றில் மறுபடி தண்ணீர் வரும் என்பதையே நம்பிக்கொண்டிருக்கிற ஊர் நாங்கள். அன்சர் பாய்க்குக் கோபம் வரும் என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஷெட்டில் கார், வேன் ரிப்பேர் செய்கிறவர். லாரிக்காரன் ஒருவன் வண்டியைப் பின்னால் எடுத்து ஷெட் கதவைச் சப்பையாக்கியபோது அவனுக்கு முதலில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர். கூடப்பிறந்த அண்ணன் ஷெட்டில் பாதியைச் சுவர் எழுப்பித் தனக்கென்று எடுத்துக்கொண்டபோது சுவர் கட்டிய கொத்தனாருக்கு டீ வாங்கிக் கொடுத்தவர். ஷெட் வாசலில் சாக்கடை அடைத்துக்கொண்டு ஆறு வருஷமாக நாறியது, ஆறு வருஷமாக நகராட்சிக்கு மனு எழுதினார், ஒவ்வொரு மனுவின் அடியிலும் 'தங்கள் உடல்நலத்துக்காகத் துவா செய்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, தோல் பதனிடுகிற பெரிய டேனரியின் வெள்ளை வேனை டிராக்டரில் கட்டி இழுத்துவந்து அவர் ஷெட்டில் விட்டார்கள். பக்கவாட்டில் 'அவசர ஊர்தி' என்று சிவப்பில் எழுதியிருந்த வேன். கூட வந்த டேனரி மேனேஜர் சபாபதி, மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு சாக்கடையைத் தாண்டி உள்ளே வந்தார்.

"மூணு பிளக்கையும் மாத்திடுங்க பாய். வெள்ளிக்கிழமை விசாரணைக்கு ஆபீசர் வராரு. இப்ப மாத்தினா மாதிரி தெரியக் கூடாது. தை மாசம் மாத்தினா மாதிரி இருக்கணும்."

"தை மாசம்னா எப்டி சார்?"

"கொஞ்சம் கரி பூசுங்க, கொஞ்சம் தேய்ங்க. உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?"

"செஞ்சிடலாம் சார்" என்றார் அன்சர் பாய். எதற்கும் அவர் அப்படித்தான் சொல்வார்.

எதற்காக மாற்றச் சொல்கிறார்கள் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். தெரியாதது போல இருக்கத் தெரிந்த ஊர் எங்களுடையது.

பதினாறு நாளைக்கு முன்பு, தோல் கழுவிய தண்ணீர் போய்ச் சேருகிற டேனரித் தொட்டியில், அடியில் தங்கிய சேற்றை அள்ள முனிரத்தினம் இறங்கினான். இறங்கியவன் குரல் கொடுக்கவில்லை என்று பார்க்கக் கன்னியப்பன் இறங்கினான். இரண்டு பேரையும் தூக்கத் தாவீது இறங்கினான். மூன்று பேரும் கீழ்த்தெருக்காரர்கள். ஏன் மூன்று பேருமே கீழ்த்தெரு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள், நாங்கள் கேட்க மாட்டோம், அந்தத் தொட்டியைக் கட்டிய நாளிலிருந்து வேறு தெருக்காரன் ஒருவன்கூட அதில் கால் வைத்ததில்லை. சேற்றைக் கிளறினால் விஷவாயு கிளம்பும், ஒருவன் முகத்திலும் மாஸ்க் இல்லை. மேலே எடுத்துப் போட்டபோது முதல் இரண்டு பேரும் செத்திருந்தார்கள். தாவீதுக்கு மூச்சு இருந்தது, கண் திறந்திருந்தது. அவனை வேனில் ஏற்றிப் படுக்கவைத்து டிரைவர் சாவியைத் திருப்பினான், வேன் இருமியது, மறுபடி திருப்பினான், மறுபடி இருமியது, அவன் அழுதுகொண்டே திருப்பத் திருப்ப பாட்டரி இறங்கி அந்த இருமலும் நின்றது. இருபத்திரண்டு நிமிஷம். அரசு ஆஸ்பத்திரி மூன்று கிலோமீட்டர். கடைசியில் காய்கறி ஏற்றிவந்த ஒரு குட்டி லாரியை மறித்து அதில் மாற்றினார்கள், சந்தை முனையில் தாவீது போய்விட்டான்.

டேனரி எழுதிக் கொடுத்த அறிக்கை வேறு. மூன்று பேரும் தொட்டிக்குள்ளேயே இறந்துவிட்டார்கள் என்றும், அவசர ஊர்தி நல்ல நிலையில் தயாராக இருந்தது என்றும், தை மாதம்தான் பிளக் மாற்றினோம் என்றும், யாருக்கும் உயிர் இல்லாததால் வண்டியை எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை என்றும் அதில் இருந்தது. ஆகவே இன்ஜினுக்குப் பொறி கொடுக்கிற அந்த மூன்று பிளக்குகளும் சாட்சியாகிவிட்டன. அவை பழசு என்றால் வேன் ஓடவில்லை, வேன் ஓடவில்லை என்றால் அதில் யாரோ உயிரோடு ஏற்றப்பட்டிருக்கிறான்.

அன்சர் பாய் முன்சீட்டைத் தூக்கி நிறுத்தி இன்ஜினைப் பார்த்தார். ஓடி வந்த வண்டி என்றால் ஆறவிட வேண்டும், இது ஆறிப் பதினாறு நாள் ஆகியிருந்தது. பிளக்கின் தலையில் ரப்பர் கேப்பு, கேப்பிலிருந்து கறுப்பு ஒயர், அப்படி மூன்று. ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது, இழுத்தால் உள்ளே கம்பி அறுந்துபோகும். கேப்பின் அடியைப் பிடித்து இந்தப் பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் கால் சுற்று திருகி, விட்டது என்று கைக்குத் தெரிந்த பிறகு நேராக மேலே எடுக்க வேண்டும். முப்பது வருஷமாக அப்படித்தான் எடுத்தார். இந்தக் கேப்புகளோ ஏழெட்டு வருஷம் சூட்டில் வெந்து வெந்து, பிளக்கின் வெள்ளைப் பீங்கானோடு ஒரே உடம்பாகிக் கிடந்தன. எண்ணெய் விட்டுப் பார்த்தார். துணியைச் சுற்றிக் குறடால் மெல்லத் திருகிப் பார்த்தார். பட்டை ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கேப்பின் விளிம்பில் கொடுத்து நெம்பிப் பார்த்தார். மூன்றில் ஒன்றும் அசையவில்லை. அப்போதுதான் அவர் தன் தொழிலில் செய்யாத காரியத்தைச் செய்தார். குறடைக் கீழே வைத்துவிட்டு முதல் ஒயரை வெறுங்கையால் பிடித்து இழுத்தார்.

சாவி போடாத வண்டி, பாட்டரி செத்த வண்டி, அதில் கரண்டு இருக்க வழியில்லை. வந்தது கரண்டு இல்லை. விரலில் தொடங்கி முழங்கையில் ஏறித் தோளில் திரும்பி நெஞ்சுக்குள் வந்து நின்றதை அன்சர் பாய் முதலில் காய்ச்சல் என்று நினைத்தார், பிறகு மாரடைப்பு என்று நினைத்தார், அதன் பெயர் கோபம் என்று கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்டுபிடித்ததும் கையைக்கூடத் துடைக்காமல் நேராக நகராட்சிக்கு நடந்தார், சுகாதார அலுவலரின் மேஜைமேல் ஏறி உட்கார்ந்தார், ஆறு வருஷத்து மனுக்களையும் தேதி தேதியாக வாயாலேயே சொன்னார், சொல்லி முடித்துவிட்டு, "உங்க உடல்நலத்துக்கு நான் கேட்ட துவாவையெல்லாம் திருப்பிக் குடுய்யா" என்று கத்தினார். மாலை மூன்று மணிக்குச் சாக்கடை சுத்தமாகிவிட்டது.

புதன்கிழமை காலை அந்த ஒயர்களைப் பிடிக்க வரிசை நின்றது.

முதலில் வந்தவர் ஷெட்டுக்கு எதிரில் டீக்கடை வைத்திருக்கும் பேபி அக்கா. அவருடைய ரேஷன் கார்டை எட்டு மாதமாக அலைக்கழித்த தாலுகா ஆபீஸ் மேல் அவருக்குக் கோபம் தேவைப்பட்டது. ஒயரைப் பிடித்துவிட்டுப் போனார், பத்தரை மணிக்குக் கார்டோடு வந்தார். அவரைப் பார்த்து ஷூ கம்பெனிப் பெண்கள் ஒன்பது பேர் வந்தார்கள், கழிப்பறைக்குப் போனால் நிமிஷம் கணக்குப் பார்க்கிற சூப்பர்வைசருக்காக. தபால்காரர் வந்தார். டியூஷனுக்கு வரச்சொல்லி நச்சரிக்கிற வாத்தியார் மேல் கோபப்பட இரண்டு தகப்பன்கள் வந்தார்கள். குடித்துவிட்டு வருகிற மகனைத் தட்டிக்கேட்கப் பயந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற தலைமைக் காவலர் ஒருவர், தொப்பி வைத்த காலத்திலும் தனக்கு இது சரியாக வந்ததில்லை என்று சொல்லி வெட்கத்தோடு வரிசையில் நின்றார். பேபி அக்கா பெஞ்சைச் சாலையின் இந்தப் பக்கம் தூக்கிப் போட்டார். வெயிலுக்கு யாரோ சாமியானாவே கட்டிவிட்டார்கள்.

ஒரே நாளில் ஊர் அதற்கு முறைகள் வகுத்துவிட்டது. வெறும் வயிற்றில் பிடிக்கக் கூடாது. பிடித்தால் மதியச் சாப்பாடு வரை நிற்கும், கேட்க வேண்டியவரிடம் கேட்டுவிட்டால் அப்போதே இறங்கிவிடும். முதல் ஒயர் சத்தம் போடுகிற கோபம், அது முனிரத்தினத்தோடது என்றார்கள், அவனும் அப்படித்தான், சினிமாக் கொட்டகையில் படம் அறுந்தால் முதல் விசில் அவனுடையது. இரண்டாவது பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் நிற்கிற கோபம், கன்னியப்பனோடது. மூன்றாவது கேள்வி கேட்கிற கோபம். பிடித்தவர் வாயிலிருந்து ஏன், எதற்கு, யார் சொன்னது, எத்தனை நிமிஷம் என்று கேள்வியாக வந்தது, கேட்டவர்களுக்கே தாங்க முடியவில்லை, அதனால் அந்த ஒயர் பக்கம் போவதைத் தவிர்த்தோம். அது யாருடையது என்று ஒருவரும் சொல்லவில்லை.

இன்னொன்றும் தெரியவந்தது. பெண்டாட்டியை மிரட்டுவதற்காக அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டு போன பிளாஸ்டிக் கடைக்காரன் வாசற்படி தாண்டியதும் வாந்தி எடுத்தான், எழுந்துபோய்த் தன்னை ஏமாற்றிய மொத்த வியாபாரியின் சட்டையைப் பிடித்தான். அந்தக் கோபம் கீழே இறங்காது, எளியவர் மேல் பாயாது, மேலேதான் ஏறும். ஆனால் எந்த மேலே என்பதைப் பிடித்தவர்தான் முடிவு செய்தார். இங்கேதான் எனக்கு எங்கள் ஊரைச் சொல்ல வாய் கூசுகிறது. கரைப்பேட்டையில் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது பெரிய டேனரி. நான்காயிரம் பேர் அதில் சாப்பிடுகிறோம். தாலுகா ஆபீஸ்வரை ஏறினோம், நகராட்சிவரை ஏறினோம், மின்வாரியத்தைப் போய் உலுக்கினோம், டேனரிக்கு ஒரு படி கீழே எல்லாரும் நின்றுகொண்டோம். இரண்டு நாளில் முந்நூறு பேர் அந்த ஒயர்களைப் பிடித்திருப்போம், ஒருவர்கூட அந்த கேட்டுப் பக்கம் திரும்பவில்லை. நானும்தான். தெருவிளக்குக்காகப் பிடித்தேன் நான்.

வியாழக்கிழமை காலை எப்சிபா வந்தாள்.

தாவீதின் மனைவி. முப்பத்தி நாலு வயது, ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற வேலை. அடக்கம் முடிந்த நாளிலிருந்து அவள் யாரோடும் பேசவில்லை, அழவும் இல்லை, சர்ச்சில்கூட வாய் அசையாமல் நின்றாள். அவளைக் கண்டதும் வரிசை விலகி வழிவிட்டது. யாரோ, "வாம்மா, நீதான் மொதல்ல புடிக்கணும்" என்றார்கள். மூன்றாவது ஒயரைக் காட்டினார்கள்.

அவள் வேனின் உள்ளே ஒருமுறை பார்த்தாள். படுக்கவைத்த பலகையைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

"எனக்கு எதுக்கு? எனக்கு என்னோடது கீது."

அன்சர் பாய் பக்கம் திரும்பினாள்.

"அன்சர் அண்ணா. சாக்கட சுத்தமாய்டுச்சா?"

"ஆய்டுச்சும்மா."

"யாரு எறங்கினா?"

அன்சர் பாய் குனிந்து குறடைத் துடைக்கத் தொடங்கினார்.

"நான் சொல்றேன். முனிரத்தினத்தோட தம்பி எறங்கினான். அண்ணங்காரன் செத்து பதினாறாம் நாளு, நகராட்சி ஆபீசர் ஆள் வுட்டு கூப்ட்டாரு, கழுத்து வரைக்கும் எறங்கி வாரிப் போட்டுட்டு வந்தான். எங்கூட்டுக்காரரு கோவத்த, முனிரத்தினம் கோவத்த எடுத்துக்கினு போய் ஆபீசருகிட்ட காட்டினீங்க. அது மேல போச்சு. மேல போய் ஆர்டரா மாறி, திரும்ப எங்க தெரு ஆளு தலைமேலதான் வந்து குந்திச்சு. இதுக்கா அவங்க மூணு பேரும் செத்தாங்க? உங்க ஊட்டு வாசல் நாறாம இருக்கவா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. சாமியானாவின் கீழே முப்பது பேர் நின்றோம், ஒருவர் கையிலும் அப்போது ஒயர் இல்லை, ஆனாலும் முகம் கொதித்தது. அன்சர் பாய் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எப்சிபா, நான் ஒண்ணு சொல்றேன். இத மாத்த மாட்டேன். யார் வந்து சொன்னாலும் மாத்த மாட்டேன்."

"நீங்க மாத்தலன்னா வேற மெக்கானிக்கு" என்றாள் அவள், வேனின் படியில் உட்கார்ந்தாள். "வெள்ளிக்கெழம ஆபீசர் இங்க வர வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

மத்தியானம் மேனேஜர் சபாபதி இரண்டு ஆட்களோடு ஜீப்பில் வந்தார். ரப்பர் கையுறை போட்ட ஆட்கள். வரிசையையும் சாமியானாவையும் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது.

"இன்னா பாய் இது, திருவிழாவா? பிளக்கு மாத்தியாச்சா?"

"கழல மாட்டேங்குது சார்."

"கழலலன்னா அறுத்து எடுங்க. புது ஒயர் போடுங்க."

"நீங்களே கை வெச்சுப் பாருங்க சார்" என்றார் அன்சர் பாய். வாழ்நாளில் அவர் ஒருவரிடம் செய்த ஒரே சூது அதுதான்.

ஆட்கள் இருவரும் கேப்பைத் தொடத் தயங்கி நின்றதில் எரிச்சல் வந்து, சபாபதி தானே குனிந்து முதல் ஒயரைப் பிடித்து இழுத்தார். பிடித்த கை பிடித்தபடியே நின்றது. இன்னொரு கை சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தது. மேலே ஏறுகிற கோபம் அல்லவா, அவருக்கு மேலே இருந்தவர் ஒரே ஒருவர்தான்.

"முதலாளி, நான் சபாபதி. தை மாசம்னு நோட்டுல எழுதச் சொன்னது யாரு? நானா? மாஸ்க்கு வாங்கணும்னு மூணு தரம் எழுதிக் குடுத்தேன், கிழிச்சிப் போட்டது யாரு? அந்த ஆள் உசுரோட இருந்தான்யா! என்னப் பாத்துக்கினே இருந்தான்! ரெண்டு வாரமா நான் தூங்கல, நீ தூங்கினியா?"

சுற்றி நின்ற அத்தனை பேரும் கேட்டோம். அவர் ஒயரை விட்டார், போனைப் பார்த்தார், தான் பேசியது என்ன என்று அப்போதுதான் அவர் காதில் விழுந்தது போலிருந்தது. பேபி அக்கா கொடுத்த டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் அவருக்கு வேலை போய்விட்டது.

அன்று சாயங்காலம் வரிசை இல்லை. யாரும் ஒயரைத் தொடவில்லை, யாரும் வீட்டுக்கும் போகவில்லை. எப்சிபா படியில் உட்கார்ந்திருந்தாள், அவளைச் சுற்றி நாற்பது பேர், விடிந்தபோது நூறு பேர், அப்புறம் எண்ணவில்லை. கீழ்த்தெருப் பெண்கள் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். முனிரத்தினத்தின் தம்பி வந்தான், அன்சர் பாய் எழுந்து போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார், என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, அவன் தலையை மட்டும் ஆட்டினான், மன்னித்த தலையாக அது எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டேனரிக்கு வந்த தொழிற்சாலை ஆய்வாளர் திருஞானம், அங்கே வேன் இல்லை என்பதால் ஷெட்டுக்கு வர வேண்டியதாயிற்று. அவர் ஜீப்புக்குப் பின்னால் முதலாளியின் கார். ஆய்வாளர் கையில் பைல், அதில் அறிக்கை ஏற்கெனவே டைப் அடித்து முடிந்திருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

"வண்டியப் பாத்தாச்சு, நல்லாத்தான இருக்கு" என்றார் அவர், பத்தடி தள்ளி நின்றபடி.

எப்சிபா படியை விட்டு எழுந்தாள்.

"அய்யா, தை மாசம் மாட்டின கேப்புன்னா மூணு மாசம்தான் ஆவுது. கால் சுத்து திருகினா கையோட வந்துடும். அன்சர் அண்ணன் தொட மாட்டாரு, நான் தொட மாட்டேன். நீங்களே ஒண்ணே ஒண்ணு கழட்டிக் காட்டுங்க. வந்துடுச்சுன்னா நாங்க கலைஞ்சி போறோம்."

"அதெல்லாம் என் வேலை இல்லம்மா."

"பாத்துட்டு எழுதறதுதான அய்யா உங்க வேல?"

நூறு பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆய்வாளர் பேனாவைப் பையில் குத்திவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, குனிந்து, ஓரத்தில் இருந்த கேப்பைப் பிடித்து இந்தப் பக்கம் திருகினார், அந்தப் பக்கம் திருகினார். வியர்த்தது. மறுபடி முயன்றபோது கை வழுக்கி ஒயரில் விழுந்தது. மூன்றாவது ஒயர்.

பிடித்த ஒயரை விடாமலே அவர் நிமிர்ந்தார். நிமிர்ந்து முதலாளியைப் பார்த்துக் கேட்டார்.

"இந்த வண்டி எத்தனை நாளா ஓடல?"

"சார், வெயில்ல எதுக்கு..."

"டிரைவர் எத்தனை தரம் சாவி போட்டான்? உள்ளே படுத்திருந்தது யார்? அவனுக்கு எத்தனை நிமிஷம் உயிர் இருந்தது? அவன் கண்ணு திறந்திருந்துதா? உங்க கார் எங்க இருந்தது? அந்த இருபத்திரண்டு நிமிஷமும் உங்க கார் எங்கய்யா இருந்தது?"

கடைசிக் கேள்வியை எங்களில் ஒருவரும் அதுவரை கேட்டதில்லை. முதலாளியின் கார் அன்று டேனரிக்குள், மாமர நிழலில், சாவியோடு நின்றிருந்தது. சீட்டு கறைபடும் என்று கொடுக்கவில்லை. அதை அறிந்தவர்கள் முப்பது பேராவது இருந்தார்கள், பத்தொன்பது நாளும் விழுங்கிக்கொண்டு இருந்தார்கள், இப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல், "ஆபீஸ் முன்னாடிதான் சார் நின்னுது" என்றது, பிறகு இன்னொரு குரல், பிறகு பல. எல்லாம் டேனரியில் சாப்பிடுகிற குரல்கள். ஒருவர் கையும் ஒயரில் இல்லை.

ஆய்வாளர் பேனாவை எடுத்தார், ஒரு கையால் ஒயரைப் பிடித்தபடியே பைலைத் திறக்கப் போனார். எப்சிபா தடுத்தாள்.

"கைய எடுத்துடுங்க அய்யா. அதப் புடிச்சிக்கினு எழுதினா நாளைக்கு கோர்ட்டுல, கோவத்துல எழுதினதுன்னு சொல்லிடுவாங்க. கைய எடுத்துட்டு எழுதுங்க."

அவர் கையை எடுத்தார். கோபம் அவர் முகத்தை விட்டு இறங்குவதைப் பார்த்தோம். பயம் வந்ததையும் பார்த்தோம், அவருக்கும் குடும்பம் இருந்திருக்கும், மேலதிகாரி இருந்திருப்பார். நீண்ட நேரம் டைப் அடித்த தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில், பேபி அக்காவின் பெஞ்சில் உட்கார்ந்து, கையால் எழுதத் தொடங்கினார். பிளக் கேப்புகள் மூன்றும் பல வருஷம் கழற்றப்படாமல் வெந்து ஒட்டியிருப்பதில் தொடங்கினார். முதலாளி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். எழுதி முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். நாற்பது நாளுக்குள் திருஞானத்தைக் கடலோரத்தில் எங்கோ மாற்றிப்போட்டார்கள். முதலாளியைக் கைது செய்யப் போன அன்று அவருக்கு நெஞ்சுவலி வந்தது, அவரை ஏற்றிப்போன ஆம்புலன்ஸ் முதல் சாவியிலேயே ஸ்டார்ட் ஆயிற்று. வழக்கு நடக்கிறது, வாய்தா வாய்தாவாக நடக்கிறது. டேனரி ஒரு மாதம் மூடிக்கிடந்து திறந்துகொண்டது. வேனுக்குச் சீல் வைத்துப் போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள், சீலைப் பிரித்து ஏறி முன்சீட்டில் சாய்ந்து தூங்கிய ஒரு காவலர் விழித்தெழுந்து நேராக உயரதிகாரிக்குப் பன்னிரண்டு பக்கத்தில் கடிதம் எழுதியதிலிருந்து அதன் பக்கம் யாரும் போவதில்லை.

டேனரி திறந்ததும் எப்சிபா ஷூ கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வாரிசு வேலையாகத் தன் கணவன் பார்த்த வேலையையே கேட்டாள். ஆபீசில் கணக்குப் பிரிவில் உட்கார இடம் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம், கழிவுநீர்ப் பிரிவுதான் வேண்டும் என்றாள். கீழ்த்தெருவிலேயே அவளைத் திட்டினார்கள், புருஷனை விழுங்கிய இடத்துக்குச் சம்பளத்துக்குப் போகிறாள் என்று பேசினார்கள். அவள் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. பாதிரியார் வந்து கேட்டதற்கு, "அங்க ஆள் வேணும் அய்யரே" என்று மட்டும் சொன்னாளாம்.

ஐப்பசி மழையில் தொட்டி மறுபடி சேறு கட்டிக்கொண்டது. புது மேனேஜர் சென்னையிலிருந்து வந்தவர், இளவயசு, எல்லாரையும் 'வாங்க போங்க' என்று பேசுகிறவர். காலை ஏழரை மணிக்குக் கழிவுநீர்ப் பிரிவுக்காரர்கள் பதினோரு பேரையும் தொட்டிக்கரைக்கு வரச்சொன்னார். முனிரத்தினத்தின் தம்பி இருந்தான், எப்சிபா இருந்தாள்.

"மெஷினுக்குச் சொல்லியிருக்கோம், வர ஒரு மாசம் ஆகும்" என்றார். "அதுவரைக்கும் ஒரே ஒரு தடவை. பத்து நிமிஷ வேலை. காத்து நல்லா வீசுது, கேஸ் எல்லாம் போயிருக்கும். யார் எறங்கறீங்க?"

ஒருவரும் அசையவில்லை. மழை லேசாகத் தூறிக்கொண்டிருந்தது.

"இறங்கலன்னா பிளான்ட் நிக்கும். பிளான்ட் நின்னா நாலாயிரம் பேருக்கு வேலை இல்ல. யோசிச்சிக்குங்க."

பதினோரு பேரும் யோசித்தார்கள். ஒருவர் முகத்திலும் கோபம் இருந்ததாக அவர் பிறகு எழுதிய புகாரில் இல்லை, எல்லாரும் மரியாதையாகவே நின்றார்கள் என்றுதான் எழுதியிருக்கிறார். எப்சிபா குனிந்து, கரையில் சுருட்டிக்கிடந்த கயிற்றை எடுத்தாள். ஒரு முனையை முனிரத்தினத்தின் தம்பியிடம் கொடுத்தாள், அவனுக்குப் பின்னால் ஒன்பது பேரும் வரிசையாகக் கயிற்றைப் பிடித்தார்கள். மறுமுனையை அவள் மேனேஜரிடம் நீட்டினாள்.

"நீங்க எறங்குங்க சார். நாங்க புடிச்சிக்கிறோம்."

மேனேஜர் அந்த வேலையில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அன்றுதான் முதல்தடவையாக அவர் தொட்டியின் விளிம்புக்கு வந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.